சிடி தொலைந்தாலும் விண்டோஸ் உங்களுடையதுதான்

ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, அல்லது விண்டோஸ் பூட் ஆகாமல் பாதியில் நிற்கிறது. மெஷின் வாங்கியபோது தந்த சிடி எங்கே போனதென்று தெரியவில்லை. பத்தாண்டுகளாக வரும் பெரும்பாலான லேப்டாப்களோடு சிடி தரப்படுவதே இல்லை. இந்த நிலையில் பலரும் செய்வது, பக்கத்து சர்வீஸ் கடையில் கொடுத்து சில நூறு ரூபாய்க்கு ‘ஓஎஸ் போட்டு’ வாங்குவதுதான். அப்படித் திரும்பி வரும் மெஷின்கள் பலவற்றில் இருப்பது கிராக் செய்த விண்டோஸ். பிராண்டட் லேப்டாப் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதன் விலையோடு சேர்த்து விண்டோஸுக்கும் பணம் கட்டியவர்கள். அவர்களுக்குக் கிராக் எதற்கும் தேவையில்லை. தங்கள் உரிமம் எங்கே பதிந்திருக்கிறது என்று தெரியாததால் மட்டுமே அவர்கள் திருட்டுப் பிரதிக்குப் போகிறார்கள்.

விண்டோஸ் வாங்கும்போது நாம் பணம் கொடுப்பது உரிமத்துக்கு. சிடி அந்த மென்பொருளை மெஷினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி மட்டுமே. விண்டோஸ் 10, 11 இரண்டின் நிறுவல் கோப்புகளையும் மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. இறக்கிக்கொள்ள உரிம எண் கேட்பதில்லை. ஆகவே சிடியைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தேட வேண்டியது உரிமத்தை.

உரிமம் எங்கே இருக்கிறது

இதற்கான பதில் மெஷின் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது. விஸ்டா, விண்டோஸ் 7 காலத்து மெஷின்களில் 25 எழுத்துகள் கொண்ட உரிம எண் ஒரு ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டு, லேப்டாப்பின் அடிப்பக்கத்திலோ பேட்டரிக்குழியிலோ, டெஸ்க்டாப்பானால் கேபினெட்டின் பக்கவாட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும். பேட்டரிக்குழியில் இருப்பது பெரும்பாலும் அழியாமல் தப்பும். அடிப்பக்கத்தில் இருப்பது மடிச்சூட்டிலும் உராய்விலும் மங்கிவிடும். மங்கத் தொடங்கும் முன்பே படம் எடுத்து வைப்பது நல்லது.

இதில் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய நிறுவனங்கள் விண்டோஸ் 7 போட்டு விற்ற மெஷின்களில், தொழிற்சாலையில் பதிந்தது ஸ்டிக்கரில் உள்ள எண் அல்ல. அந்த நிறுவனத்தின் எல்லா மெஷின்களுக்கும் பொதுவான ஓர் எண்ணைப் போட்டு, மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலில் இருந்த எஸ்எல்ஐசி என்ற அடையாளத்தோடு ஒப்பிட்டு ஆக்டிவேட் செய்தார்கள், அதாவது உரிமம் செல்லும் என்று உறுதிசெய்தார்கள். எனவே உரிம எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் மென்பொருள் எதையாவது ஓட்டினால், அது காட்டும் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ளதும் பொருந்தாது. அதைப் பார்த்து ‘நமக்கு ஏற்கெனவே போலிதான் கொடுத்திருக்கிறார்கள்’ என்று முடிவுகட்ட வேண்டாம். சாதாரண டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போடும்போது உங்களுக்கு உதவுவது ஸ்டிக்கர் எண்.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததும் இந்த ஏற்பாடு மாறியது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி எண்ணை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலில்), எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் எழுதத் தொடங்கினார்கள். ஸ்டிக்கரில் எண் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் ஃபார்மேட் அடித்தாலும் இந்த எண் அழியாது. விண்டோஸின் நிறுவி (இன்ஸ்டாலர்) தானாகவே அதைப் படித்துக்கொள்ளும், உங்களிடம் எதுவும் கேட்காது.

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 இன்னொரு வழியையும் சேர்த்தது. மெஷினின் வன்பொருளைக் கொண்டு ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு, ‘இந்த மெஷினுக்கு உரிமம் உண்டு’ என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் பதிந்துகொள்கிறது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது இதுதான். விண்டோஸ் 7 அல்லது 8.1-லிருந்து இலவசமாக 10-க்கு ஏறியவர்களின் உரிமம் இப்படித்தான் இருக்கிறது. இவர்களுக்கு எண் என்று தனியாக ஒன்றும் கிடையாது. உரிம எண் காட்டும் மென்பொருளை ஓட்டினால் ஹோம் பதிப்பில் 8எச்விஎக்ஸ்7 என்றும், புரோ பதிப்பில் 3வி66டி என்றும் முடியும் ஓர் எண் வரும். அது உலகில் உள்ள எல்லோருக்கும் வரும் பொது எண். அதைப் பத்திரமாக எழுதிவைப்பதால் பயன் எதுவும் இல்லை.

பழைய வழி ஒன்று அடைபட்டதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7, 8 எண்களைக் கொண்டு 10-ஐயோ 11-ஐயோ புதிதாக ஆக்டிவேட் செய்யும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஒரு மெஷின் ஏற்கெனவே 10-க்கு ஏறி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்றிருந்தால் அது செல்லும். பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்பை இன்று முதல்முறையாக 10-க்கு ஏற்றினால் அந்த ஸ்டிக்கர் எண் இனி எடுபடாது.

அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மெஷின் இன்னும் ஓடுகிறதென்றால் முதலில் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தால் நல்லது. இணைக்கவில்லை என்றால் இப்போதே இணையுங்கள். பின்னால் மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் இந்த இணைப்பு கைகொடுக்கும். அதே பக்கத்தில் பதிப்பின் பெயர் இருக்கும்: ஹோம், ஹோம் சிங்கிள் லாங்வேஜ், புரோ. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்ற லேப்டாப்களில் சிங்கிள் லாங்வேஜ் பதிப்பைப் பரவலாகப் பார்க்கலாம். அதில் விண்டோஸின் முகப்பு மொழியை மாற்ற இயலாது. தமிழில் தட்டச்சு செய்யவோ தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்தவோ தடை ஏதும் இல்லை.

அடுத்து, உரிமத்தின் வகை. விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, டி, எல், ஐ என்று முடித்து என்டர் அடியுங்கள். வரும் சிறு சாளரத்தில் ஓஇஎம் என்று இருந்தால் மெஷினோடு வந்த உரிமம். ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது, அல்லது இலவச மேம்படுத்தலில் கிடைத்தது. வால்யூம் கேஎம்எஸ் என்று இருந்து, அது நிறுவனமோ கல்லூரியோ தந்த மெஷினாக இல்லாமல் உங்கள் வீட்டு லேப்டாப்பாக இருந்தால், யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் வழியே 180 நாளுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்தாக வேண்டிய முறை. கிராக் மென்பொருள்கள் மெஷினுக்குள்ளேயே ஒரு போலி சர்வரை ஓட்டி விண்டோஸை ஏமாற்றுகின்றன. இவற்றை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். கடவுச்சொல்லையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் நிரல்கள் இந்தக் கிராக் பொதிகளுக்குள் வந்து சேர்ந்தது 2021-ல் வெளிப்படையாகவே கண்டறியப்பட்டது.

கடை போட்ட கிராக்குக்கு அடியில் உங்கள் உண்மையான உரிமம் ஃபர்ம்வேரில் அப்படியே இருக்கலாம். அதைப் பார்க்க, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லில் சாஃப்ட்வேர் லைசென்சிங் சர்வீஸ் என்ற வகுப்பின் விவரங்களைக் கேட்டால், ஓஏ3எக்ஸ் என்று தொடங்கும் வரியில் 25 எழுத்துகளும் வரும். அந்த வரி காலியாக இருந்தால் ஃபர்ம்வேரில் எண் இல்லை. இணையத்தில் உள்ள பழைய குறிப்புகள் இதற்கு டபிள்யூமிக் கட்டளையைச் சொல்லும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸே பூட் ஆகவில்லை என்றாலும் வழி இருக்கிறது. இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏதாவது ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி, சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் டேபிள்ஸ் என்று போனால் எம்எஸ்டிஎம் என்ற சிறு கோப்பு இருக்கும். அதன் கடைசி 29 எழுத்துகள்தான் உங்கள் எண்: 25 எழுத்து, நடுவில் 4 இணைகோடு.

கோப்புகளைக் காப்பெடுப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைச் சோதியுங்கள். பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. பூட் ஆகாத மெஷினின் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த எண் பெரும்பாலும் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தத் தேவையான பிரதி எடுக்கவும், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து காக்க பேக்கப் பிரதி எடுக்கவும் அனுமதிக்கிறது. அதே சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காக இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

சொந்த உபயோகத்துக்கு நிறுவல் டிஸ்க் செய்வது வேறு, அதை அடித்து விற்பது வேறு. அமெரிக்காவில் மின்னணுக் கழிவு மறுசுழற்சி செய்துவந்த எரிக் லண்ட்கிரன், டெல் மெஷின்களோடு வரும் மீட்பு டிஸ்க்குகளில் சுமார் 28,000 பிரதிகளைச் சீனாவில் அடித்தார். பழைய கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் மீண்டும் ஓடவைப்பதே அவருடைய நோக்கம். உரிமம் ஏற்கெனவே அந்த மெஷின்களில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் டிஸ்க்குக்கு மதிப்பே இல்லை என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. டிஸ்க் ஒன்றுக்கு 25 டாலர் என்று கணக்கிட்டு, மொத்தம் 7 லட்சம் டாலர் மதிப்பு என்றது. 15 மாதச் சிறை, 50,000 டாலர் அபராதம். 2018 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. டிஸ்க்கின் மேல் டெல், விண்டோஸ் அடையாளங்களை அச்சிட்டு அசல் போலவே செய்திருந்ததும் அவருக்கு எதிராகப் போனது. எண்ணற்ற கணினிகள் குப்பைக்குப் போகாமல் தடுக்க நினைத்தவருக்கு இந்தத் தண்டனை மிக அதிகம் என்பது என் கருத்து. ஆனால் சட்டத்தின் கோடு எங்கே என்பதில் அந்தத் தீர்ப்பு குழப்பம் எதையும் விட்டுவைக்கவில்லை.

ஐரோப்பிய நீதிமன்றமும் லாத்வியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2016 அக்டோபர் 12 அன்று இதே கேள்வியைத் தொட்டது. மைக்ரோசாஃப்ட் மென்பொருள் பிரதிகளை ஆன்லைனில் விற்ற இருவர் மீதான வழக்கு அது. அசல் டிஸ்க் தொலைந்தாலோ உடைந்தாலோ, தான் எடுத்த பேக்கப் டிஸ்க்கைப் பழைய உரிமத்தோடு சேர்த்து பதிப்புரிமையாளர் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம். கூடவே, டிஸ்க் தொலைந்தது என்ற ஒரே காரணத்தால் உரிமத்தை மறுவிற்பனை செய்யும் வாய்ப்பே இல்லாமல் போய்விடக் கூடாது என்றும், வாங்குபவர் அந்த மென்பொருளைப் பதிப்புரிமையாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடிய வேண்டும் என்றும் சொன்னது.

பென் டிரைவ் தயாரித்தல்

குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஓடும் விண்டோஸ் மெஷின் ஒன்று கிடைத்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுவதே எளிது. நண்பரின் மெஷினில் செய்தாலும் அவருடைய உரிமம் இதில் ஒட்டிக்கொள்ளாது. மேக்கோ லினக்ஸோ மட்டும்தான் இருக்கிறதென்றால் நிறுவல் டிஸ்க்கின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பை நேரடியாக இறக்கலாம். தளம் தரும் இணைப்பு 24 மணி நேரம் மட்டுமே செல்லும்.

ஐஎஸ்ஓவைத் திறந்து பென் டிரைவில் கையால் நகலெடுக்கும்போது பலருக்கும் ஒரு சிக்கல் வரும். புதிய மெஷின்களில் பயாஸின் இடத்தில் இருக்கும் யுஇஎஃப்ஐ எளிதாகப் படிப்பது ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஐஎஸ்ஓவுக்குள் சோர்சஸ் கோப்புறையில் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் என்ற கோப்பு அதைவிடப் பெரியது. மைக்ரோசாஃப்டின் கருவி இதே உள்ளடக்கத்தை இன்னும் இறுக்கிச் சுருக்கி 4 ஜிபிக்குள் அடக்கிவிடுகிறது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவிலிருந்தே பூட் ஆகும்படி செய்கிறது. லினக்ஸில் விம்லிப் என்ற கருவியைக் கொண்டு அந்தக் கோப்பை 3,800 எம்பி துண்டுகளாகப் பிரித்துப் போட்டாலும் விண்டோஸ் நிறுவி படித்துக்கொள்ளும்.

வேறு தளத்திலிருந்தோ கடைக்காரரின் பென் டிரைவிலிருந்தோ ஐஎஸ்ஓ வாங்க நேர்ந்தால், கோப்பின் கைரேகை போன்ற அதன் ஷா-256 கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அதைத் தூக்கி எறிந்துவிடலாம்.

மெஷினோடு வந்த டிரைவர்களும் மென்பொருள்களும் அப்படியே திரும்ப வேண்டும் என்பவர்கள் முதலில் தயாரிப்பாளரின் வழியை முயலலாம். டிஸ்க் நன்றாக இருந்து மீட்புப் பகுதி அழியாமல் இருந்தால், அதற்குள் போக அழுத்த வேண்டியது ஹெச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-ம், ஆசூஸில் எஃப்9, லெனோவோவில் நோவோ பொத்தான். டிஸ்க்கே புதிது என்றால் டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே மெஷினின் வரிசை எண்ணையோ தயாரிப்பு எண்ணையோ கொடுத்தால் அந்த மாடலுக்கான மீட்புப் பொதியை இறக்கித் தரும் கருவிகளை வைத்திருக்கின்றன.

எங்கே இடறுகிறது

பென் டிரைவிலிருந்து பூட் செய்ய, மெஷினை இயக்கியதும் அழுத்த வேண்டியது டெல், லெனோவோ, ஏசரில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். ஏசரில் பல மாடல்களில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் நிறுவ முடியாது என்று நின்றுவிடும். பலர் இந்த இடத்தில் டிஸ்க்கையே எம்பிஆர் என்ற பழைய பகுப்பு வகைக்கு மாற்றிவிடுகிறார்கள். அது தேவையில்லை, திரும்ப பூட் செய்து சரியான வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்கள் பலவற்றில் நிறுவி டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்து புதிதாக வாங்கிவிடாதீர்கள். எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் நிறுவியில் இல்லை. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, இஎக்ஸ்இ கோப்பாக அல்லாமல் பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் கோப்பு வெளியே தெரியும்படி பென் டிரைவில் வைத்து, ‘லோட் டிரைவர்’ மூலம் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும்போது இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதை முன்பே கழற்றிவைப்பது நலம். பழைய பகுதிகளை நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து மேலே போனால் பூட் ஆக உதவும் 100 எம்பி இஎஃப்ஐ பகுதி உட்படத் தேவையானதை நிறுவியே உருவாக்கிக்கொள்ளும்.

முதல் பூட்டில் வைஃபை தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் 11 இணையம் இல்லாமல் அடுத்த திரைக்குப் போகவிடாது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால், அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் இணையம் வந்துவிடும்.

பதிப்பு மாறிப்போவது இன்னொன்று. ஹோம் எண் ஃபர்ம்வேரில் இருக்க, பின்னால் பணம் கொடுத்து புரோவுக்கு ஏறியவர்களிடம் நிறுவி எதுவும் கேட்காமல் ஹோமையே போட்டுவிடும். ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரை ஓட்டினால் புரோ உரிமம் இருப்பதைக் கண்டுபிடித்து மாற்றும். சோர்சஸ் கோப்புறையில் புரோ பதிப்பைக் குறிக்கும் சிறு உரைக்கோப்பை முன்பே போட்டுவைத்தும் இதைத் தவிர்க்கலாம்.

மதர்போர்டு மாறியிருந்தால் எஃப்211 என்று முடியும் பிழை வரும். டிரபிள்ஷூட்டரில், அண்மையில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, இணைத்த கணக்கில் நுழைந்து பழைய மெஷினின் பெயரைக் காட்ட வேண்டும். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் இப்படி இன்னொரு மெஷினுக்கும் போகும். ஓஇஎம் உரிமம் அந்த மெஷினோடு முடிகிறது. பழுதான போர்டை உத்தரவாதத்தில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். புதிய போர்டின் ஃபர்ம்வேரில் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரிலிருந்து கிளம்பும் முன் கேட்டு உறுதிசெய்யுங்கள். சி003 என்று முடிந்தால் அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் தடைசெய்திருக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் எண்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நிறுவனங்களுக்கென்று மொத்தமாகக் கொடுத்ததைச் சில்லறையாக விற்பார்கள், பிறகு ஒருநாள் அது முடக்கப்படும்.

எந்த விண்டோஸைப் போடுவது என்பதிலும் தேதிகள் குறுக்கே வருகின்றன. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது, 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். வீட்டுப் பயனர்கள் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும். ரூஃபஸ் இந்தச் சோதனைகளைத் தாண்டவைக்கும். உரிமம் அதனால் கெடாது, ஆனால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. உரிமமே கிடைக்காத பழைய மெஷினுக்கு லினக்ஸ் போதும். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு தரப்பட்ட பாஸ் லினக்ஸும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இலவச மென்பொருள்தான்.

எல்லாம் முடிந்ததும் முன்பு சொன்ன எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், இந்த முறை டிஎல்ஐக்குப் பதில் எக்ஸ், பி, ஆர். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டும். ஒரு காலாவதித் தேதி வந்தால் அது கேஎம்எஸ். கடையில் போட்டு வாங்கிய மெஷினாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் அங்கேயே இதைப் பார்த்துவிடலாம். பத்து நொடிகூட ஆகாது.